அகச்சிவப்பு நிறமாலையை வைத்து பாக்டீரியா ஸ்ட்ரெய்ன்களைப் பிரிக்க முடியுமா?

நுண்ணுயிரியல் முதுகலை மாணவர் ஒருவரின் கேள்வி: "பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இரண்டு வாரத்தில் ஏழு க்ளெப்ஸியெல்லா நிமோனியே வந்திருக்கிறது. ஏழின் ஆன்டிபயோகிராமும் ஒன்றுதான். ஒரே ஸ்ட்ரெய்ன் பரவுகிறதா என்று தெரிய வேண்டும். ஜீனோம் சீக்வென்சிங்குக்கு நிதி இல்லை. வேதியியல் துறையில் எஃப்.டி.ஐ.ஆர். கருவி இருக்கிறது. அதில் பார்க்கலாமா?"

பார்க்கலாம். எஃப்.டி.ஐ.ஆர். என்பது ஒரு பொருள் அகச்சிவப்பு ஒளியை எங்கெங்கே உறிஞ்சுகிறது என்று பதியும் கருவி; ஸ்ட்ரெய்ன் என்பது ஒரே சிற்றினத்துக்குள் இருக்கும் தனி வம்சம். க்ளெப்ஸியெல்லாவுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த பாக்டீரியாவில் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அது புரியாமல் கருவியில் ஏற்றினால், வருகிற படத்துக்குத் தப்பான அர்த்தம் சொல்லிவிடுவோம். பிறந்த சில நாளே ஆன குழந்தைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஆன்டிபயோகிராம், அதாவது எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்ற பட்டியல். ஏழும் ஒன்றாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனம் வரை எதற்கும் மசியாத க்ளெப்ஸியெல்லா இந்திய ஆஸ்பத்திரிகளில் பரவலாக இருக்கிறது. அந்த எதிர்ப்பு ஜீன்களில் பெரும்பாலானவை பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருப்பவை. ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஸ்ட்ரெய்ன்களும் அச்சு அசலாக ஒரே பட்டியலைக் காட்டும். உங்கள் ஆய்வகத்தில் மால்டி-டாஃப் (புரதங்களின் நிறையை அளந்து கிருமியை அடையாளம் காட்டும் கருவி) இருந்தாலும் இந்த இடத்தில் அது அதிகம் உதவாது. அது முக்கியமாக ரைபோசோம் புரதங்களைப் பார்க்கிறது. சிற்றினத்தைச் சொல்ல அதுவே போதும். ஒரே சிற்றினத்துக்குள் அந்தப் புரதங்கள் பெரிதாக மாறுவதில்லை.

அகச்சிவப்பு ஒளி பார்ப்பது வேறொன்றை. மூலக்கூறுகளின் பிணைப்புகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தன் அதிர்வுக்குப் பொருந்தும் அலையெண்ணில் ஒளியை உறிஞ்சும். காய்ந்த பாக்டீரியாப் படலம் ஒன்றின் வழியாக அந்த ஒளியை அனுப்பினால், செல்லில் உள்ள எல்லாமும் சேர்ந்து ஒரே கோடாக வரும். 3000 முதல் 2800 வரை கொழுப்பமிலங்களின் சி-ஹெச் பிணைப்புகள். 1650 பக்கம் அமைடு ஒன்று, 1540 பக்கம் அமைடு இரண்டு, இரண்டும் புரதம். 1240 பக்கம் பாஸ்பேட். 1200 முதல் 900 வரை சர்க்கரைச் சங்கிலிகளின் சி-ஓ, சி-ஓ-சி அதிர்வுகள். 900க்குக் கீழே சின்னச் சின்ன நெளிவுகள். இந்த எண்கள் எல்லாம் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் என்ற கணக்கில்.

படத்தில் உயரமாக நிற்பது அமைடு உச்சிகள்தான், ஆனால் ஸ்ட்ரெய்னைப் பிரிக்க அவை அநேகமாகப் பயன்படாது. எல்லா க்ளெப்ஸியெல்லாவிலும் புரதத்தின் மொத்தக் கலவை கிட்டத்தட்ட ஒன்றே. வேறுபாடு இருப்பது 1200க்கும் 900க்கும் நடுவில். க்ளெப்ஸியெல்லா தன்னைச் சுற்றித் தடிமனான கேப்சூலை, அதாவது பாலிசாக்கரைடு (சர்க்கரைச் சங்கிலி) உறையை, போர்த்திக்கொண்டிருக்கும் உயிரி. அகாரில் காலனி கொழகொழவென்று இழுபடுவது அதனால்தான். அந்தக் கேப்சூலின் சர்க்கரைகள் வகைக்கு வகை மாறும். கே1 என்ற கேப்சூல் வகையில் குளுக்கோஸ், குளுகுரானிக் அமிலம், ஃபியூக்கோஸ் மூன்றும் மாறிமாறி வந்து, மேலே பைருவேட்டும் ஒட்டியிருக்கும். கே2 வகையில் ஃபியூக்கோஸ் கிடையாது, அந்த இடத்தில் மேனோஸ் வரும். சர்க்கரை மாறினால், பிணைப்பின் கோணம் மாறினால், அந்தப் பகுதியின் மேடுபள்ளமும் மாறும். பழைய சீரம் முறையில் 77 கே-வகைகள் இருந்தன. ஜீன் தொகுதிகளை வைத்துப் பிரிக்கிற இன்றைய கணக்கில் அது 100ஐத் தாண்டிவிட்டது. கேப்சூலுக்கு அடியில் உள்ள ஓ-ஆன்டிஜனும் சர்க்கரைதான், அதுவும் தன் பங்குக்கு நிறமாலையில் பதியும்.

இந்த யோசனை புதிதில்லை. 1952லேயே அகச்சிவப்பை வைத்து பாக்டீரியாவை அடையாளம் காண முயன்ற கட்டுரை சயின்ஸ் இதழில் வந்திருக்கிறது. அன்றைய கருவிகள் அலையெண்களை ஒவ்வொன்றாக அளந்தவை. இவ்வளவு நுணுக்கமான வேறுபாட்டை நம்பகமாகப் பிடிக்க அவற்றால் முடியவில்லை. எல்லா அலையெண்ணையும் ஒரே நேரத்தில் அளக்கும் இன்டர்ஃபெரோமீட்டரும், அதைப் பிரித்துக் காட்டும் ஃபூரியே கணக்கைச் சட்டென்று போடும் கம்ப்யூட்டரும் சேர்ந்த பிறகுதான் காலம் கனிந்தது. 1991இல் பெர்லின் ராபர்ட் காக் நிறுவனத்தில் டீட்டர் நௌமனும் அவருடைய சகாக்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட வேலைதான் இன்றைய முறைகளுக்கு அடித்தளம். நான் மேலே சொன்ன அலையெண் பிரிவுகள் அவர்கள் வகுத்ததை ஒட்டியவை. க்ளெப்ஸியெல்லாவின் கேப்சூல் வகைகளுக்கும் நிறமாலைக்கும் உள்ள நேரடிப் பொருத்தத்தை விரிவாகக் காட்டியவர்கள் போர்ச்சுகலில் போர்ட்டோ பல்கலைக்கழகத்தின் ஆஞ்செலா நொவாய்ஸ், லூயிசா பெய்ஷே குழுவினர். இந்த வேலைக்கென்றே புருக்கர் நிறுவனம் விற்கும் ஐ.ஆர். பயோடைப்பர் கருவியும் 1300 முதல் 800 வரையிலான துண்டைத்தான் ஸ்ட்ரெய்ன் பிரிக்க எடுத்துக்கொள்கிறது.

சரி, இப்போது மேஜைக்கு வருவோம். இந்த வேலையில் ஜெயிப்பதும் தோற்பதும் கருவியில் இல்லை, கல்ச்சரில். கேப்சூல் எவ்வளவு தடிமனாக வரும் என்பது ஊட்டத்தையும் வெப்பநிலையையும் வயதையும் பொறுத்தது. ஒரு ஐசோலேட்டை (நோயாளியின் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை) மியூலர்-ஹின்டன் அகாரிலும் இன்னொன்றை மெக்கான்கி அகாரிலும் வளர்த்து ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது அகாரைத்தான். ஒன்றை 18 மணி நேரத்திலும் மற்றொன்றை 30 மணி நேரத்திலும் எடுத்தாலும் அதே கதை. ஆகவே ஏழையும் ஒரே நாளில், ஒரே லாட்டில் ஊற்றிய தட்டுகளில், ஒரே இன்குபேட்டரில், 37 டிகிரியில், 24 மணி நேரம் வளருங்கள். ரத்த அகாரைத் தவிர்ப்பது நல்லது. லூப்பில் கொஞ்சம் அகார் சுரண்டி வந்தாலும் ரத்தப் புரதமும் சேர்ந்து வந்துவிடும். உறைநிலையிலிருந்து எடுத்ததை நேராகப் பயன்படுத்தாமல், ஒருமுறை மறுவளர்ப்பு செய்துவிட்டு அடுத்த வளர்ப்பிலிருந்து எடுங்கள்.

அடர்ந்து படர்ந்த பகுதியிலிருந்து 1 மைக்ரோலிட்டர் லூப் நிறைய எடுத்து, 50 மைக்ரோலிட்டர் 70 சதவீத எத்தனாலில் கரையுங்கள். க்ளெப்ஸியெல்லா சும்மா கலக்கினால் கலையாது, கட்டி கட்டியாகவே நிற்கும். சின்ன ஸ்டீல் மணிகள் போட்டு வோர்டெக்ஸ் செய்தால் ஒரே சீராகிவிடும். எத்தனாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு: செல்களைக் கொன்றுவிடும். அதனால்தான் வேதியியல் துறைக்கு இதை எடுத்துப் போக முடிகிறது. இருந்தாலும் முதல் தடவை அந்தக் கரைசலிலிருந்து ஒரு துளியைத் தட்டில் தேய்த்து, எதுவும் வளரவில்லை என்று பார்த்த பிறகே வெளியே கொண்டுபோங்கள். ஸ்போர் உருவாக்கும் பேசில்லஸ் மாதிரியானவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

அப்புறம் 50 மைக்ரோலிட்டர் தூய நீர் சேர்த்து, 15 மைக்ரோலிட்டராக சிலிக்கான் தட்டில் சொட்டுவைத்து 37 டிகிரியில் உலர்த்துவார்கள். முழுக்க உலர வேண்டும். தண்ணீர் 1640 பக்கத்தில் பலமாக உறிஞ்சி அமைடு உச்சியோடு கலந்துவிடும். சிலிக்கான் தட்டு இல்லையென்றால் துத்தநாக செலினைடு ஜன்னலில் செய்யலாம்; ஆரம்ப காலத்து வேலைகள் பலவும் அதில்தான் நடந்தன. வேதியியல் துறையில் வழக்கமாக இருக்கும் பொட்டாசியம் புரோமைடு ஜன்னலில் மட்டும் நீர்த்துளியை வைத்துவிடாதீர்கள், கரைந்துவிடும்.

உங்கள் துறையில் இருப்பது அநேகமாக வைரப் படிகம் பதித்த ஏ.டி.ஆர். இணைப்புள்ள (மாதிரியைப் படிகத்தின் மேல் வைத்து, படிகத்துக்குள் பிரதிபலிக்கும் ஒளியை அளக்கும்) கருவியாக இருக்கும். அதுவும் போதும். சில மைக்ரோலிட்டரைப் படிகத்தின் மேல் விட்டு, காய்ந்ததும் எடுத்து, துடைத்து, படிகம் சுத்தமாகிவிட்டதா என்று வெற்றுப் பதிவு ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை வையுங்கள். ஒவ்வொன்றாகச் செய்ய நேரம் பிடிக்கும். ஏழு ஐசோலேட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஏ.டி.ஆரில் ஒளி மாதிரிக்குள் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் ஆழம்தான் இறங்கும், அந்த ஆழமும் அலையெண்ணுக்கு ஏற்ப மாறும். அதனால் உச்சிகளின் உயர விகிதம், சிலிக்கான் தட்டின் வழியாக ஒளியை அனுப்பும் ஊடுருவல் முறையில் எடுத்ததோடு ஒத்துப்போகாது. இரண்டு முறையிலும் எடுத்த நிறமாலைகளை ஒரே பகுப்பாய்வில் கலக்கக் கூடாது. துளி காயும்போது செல்கள் ஓரத்தில் வளையமாக ஒதுங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். படிகத்தின் நடுவில் படலம் மெலிந்திருந்தால் அந்தப் பதிவைத் தூக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

ஈரப்பதமும் ஒரு தொல்லை. நம் கடலோர ஊர்களில் காற்றில் இருக்கிற நீராவியே 1800க்கும் 1500க்கும் நடுவில் ஊசி ஊசியாக உச்சிகளைக் கிளப்பும். கருவிக்குள் இருக்கும் உலர்த்தியை வேலைக்கு முன் மாற்றச் சொல்லுங்கள். வெற்றுப் பதிவை ஒவ்வொரு மாதிரிக்கும் முன் புதிதாக எடுங்கள்.

எத்தனை பதிவு வேண்டும்? ஒரே கரைசலிலிருந்து மூன்று நான்கு துளிகள், அதே ஐசோலேட்டைத் தனித்தனி நாளில் புதிதாக வளர்த்து மூன்று தடவை. முதலாவது உங்கள் கை எவ்வளவு சீராக இருக்கிறது என்று காட்டும். இரண்டாவதுதான் முக்கியம்: ஒரே ஸ்ட்ரெய்ன் நாளுக்கு நாள் தன்னிலிருந்தே எவ்வளவு விலகும் என்று அது காட்டும். அந்த அளவு தெரியாமல் "இந்த இரண்டும் வேறு" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அந்த ஏழு ஐசோலேட்டை மட்டும் ஏற்றினாலும் போதாது. அதே ஆஸ்பத்திரியின் வேறு வார்டிலிருந்து, அதே காலத்தில் வந்த, இந்தப் பரவலோடு தொடர்பில்லாத க்ளெப்ஸியெல்லா ஐந்தாறு வேண்டும். வகை தெரிந்த ஒரு தரநிலை ஸ்ட்ரெய்னும் வேண்டும். எந்த மென்பொருளும் எதைக் கொடுத்தாலும் கொத்துக் கொத்தாகப் பிரித்துத்தான் காட்டும். தொடர்பில்லாதவை தள்ளிப் போய் நிற்கின்றன என்று கண்ணால் பார்த்தால்தான் ஒட்டி நிற்பவற்றுக்கு மதிப்பு.

கணக்கு கடினமானதில்லை. 1300 முதல் 800 வரை வெட்டியெடுங்கள். சாவிட்ஸ்கி-கோலே முறையில் இரண்டாம் வகைக்கெழு எடுத்தால், ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடக்கும் உச்சிகள் தனித்தனியாகத் தெரியும்; அடிக்கோட்டின் சாய்வும் போய்விடும். வெக்டர் நார்மலைசேஷன் செய்தால் படலம் தடிமனா மெலிசா என்ற வேறுபாடு அடங்கும். பிறகு பி.சி.ஏ. (பல எண்களைச் சுருக்கி ஒவ்வொரு பதிவையும் படத்தில் ஒரு புள்ளியாக்கும் கணக்கு) போட்டுப் பாருங்கள், தூரங்களை வைத்து டெண்ட்ரோகிராம் (ஒத்தவற்றைக் கிளைகளாகச் சேர்க்கும் மர வரைபடம்) வரையுங்கள். அந்த மரத்தை எந்தத் தூரத்தில் வெட்டிக் கொத்துகளாகப் பிரிப்பது என்பதை மற்றவர்களின் கட்டுரையிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே ஐசோலேட்டின் வெவ்வேறு நாள் பதிவுகள் எந்தத் தூரத்துக்குள் அடங்குகின்றனவோ, உங்கள் கோடு அதற்குச் சற்று மேலே.

இயந்திரக் கற்றல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கிற குறை இது. ஒரு ஐசோலேட்டின் பன்னிரண்டு பதிவுகளில் எட்டைப் பயிற்சிக்கும் நான்கைச் சோதனைக்கும் பிரித்துப் போட்டுவிட்டு, 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று எழுதுவார்கள். கம்ப்யூட்டர் மாடலுக்கு அந்த ஐசோலேட் ஏற்கனவே பழக்கம். சரியாகச் சொல்லாமல் என்ன செய்யும்? பிரிப்பது ஐசோலேட் அளவில் நடக்க வேண்டும். ஒரு ஐசோலேட்டின் எல்லாப் பதிவும் பயிற்சியில், இல்லையென்றால் எல்லாப் பதிவும் சோதனையில். எல்.டி.ஏ. போன்ற முறைகளில் குழுவின் பெயரை நாமே முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதால், ஐசோலேட் குறைவாக இருக்கும்போது அழகான பிரிவு வருவது ஆச்சரியமே இல்லை. ஏழு ஐசோலேட்டுக்கு பி.சி.ஏ.வும் டெண்ட்ரோகிராமும் போதும்.

இனி, வந்த படத்துக்கு என்ன அர்த்தம்? கேப்சூல் என்பது பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி. அதைப் பார்த்து எந்தப் பள்ளி என்று சொல்லலாம். எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. சந்ததி வழியைக் காட்டுவது எஸ்.டி. எண், அது 7 ஜீன்களின் வரிசையை வைத்துக் கொடுக்கப்படுவது. இந்தியாவில் ஜீனோம் ஆய்வுகளில் அடிக்கடி தென்படும் எஸ்.டி.147, சீனாவில் பரவிய எஸ்.டி.11 இரண்டிலும் கே.எல்.64 என்ற ஒரே கேப்சூல் வகை காணப்படுகிறது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் விவரித்த எஸ்.டி.2096லும் அதே கே.எல்.64 உண்டு. இவை வெவ்வேறு சந்ததிகள். நிறமாலையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார எல்லா வாய்ப்பும் இருக்கிறது. எஸ்.டி.231இன் கேப்சூல் கே.எல்.51 என்பதால் அது இவற்றிலிருந்து தள்ளி நிற்கும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பரவிய எஸ்.டி.258ஐ ஜீனோம் முழுக்கப் படித்துப் பார்த்தபோது, அது ஒன்றில்லை, இரண்டு கிளைகள் என்று 2014இல் தெரியவந்தது. இரண்டையும் பிரித்தது சுமார் 2,15,000 பேஸ் நீளமுள்ள ஒரு துண்டு. கேப்சூல் ஜீன்கள் அந்தத் துண்டுக்குள்தான் இருந்தன. எஸ்.டி. எண் ஒன்று, மேலே போர்த்தியது வேறு. இந்த மாதிரி இடத்தில் ஏழு ஜீன் பார்க்கிற முறை பிரிக்காததை அகச்சிவப்பு பிரித்துவிடும்.

இன்னொரு சிக்கல், ஒரே நோயாளியிடமிருந்து வந்த ஒரே ஸ்ட்ரெய்னிலேயே கேப்சூல் ஜீன் பழுதாகி, கொழகொழப்பில்லாத காலனிகள் வருவதுண்டு. நிறமாலையில் அது முழு அந்நியனாகத் தெரியும். தட்டில் இரண்டு விதக் காலனி தெரிந்தால் இரண்டையும் தனியாக எடுத்து ஏற்றுங்கள்.

எதிர்ப்பு ஜீன் எதுவும் இந்தப் படத்தில் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்டில் பரவுவது ஸ்ட்ரெய்ன் இல்லாமல் பிளாஸ்மிடாக இருந்தால், ஏழும் ஏழு திசையில் சிதறி நிற்கும். நீங்கள் "பரவல் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். ஆன்டிபயோகிராம் ஒன்றாகவும் நிறமாலை சிதறியும் வந்தால், முதல் சந்தேகம் பிளாஸ்மிடின் மேல் இருக்கட்டும்.

மற்ற பாக்டீரியாக்களுக்கும் இதே தர்க்கம்தான். மேற்பரப்புச் சர்க்கரை வகைக்கு வகை மாறும் இடத்தில் முறை நன்றாக ஓடும்: சால்மொனெல்லாவின் ஓ-குழுக்கள், நிமோகாக்கஸின் சீரோடைப்புகள், லெஜியோனெல்லாவின் சீரோகுரூப்புகள். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸில் கேப்சூல் 5, 8 இரண்டையும் வியன்னாக் குழுவினர் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கேப்சூலே தயாரிக்காத யு.எஸ்.ஏ.300 போன்ற ஆரியஸ் ஸ்ட்ரெய்ன்களில் பிடித்துக்கொள்ள அந்த அடையாளம் கிடையாது.

உங்கள் நிலையில் நான் செய்வது இதுதான். முதல் சுற்றில் அகச்சிவப்பு; கல்ச்சர் கையில் இருந்தால் அன்று மாலைக்குள் ஒரு முதற்கட்டப் படம் கிடைத்துவிடும், தனித்தனி நாள் பதிவுகள் பின்னால் தொடரட்டும். ஏழில் ஐந்து ஒட்டி நின்றால், சீக்வென்சிங்குக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் சொல்லுங்கள். கை கழுவுதல், சிங்க், பலருக்குப் பகிரும் மருந்துக் குப்பி, ஐ.வி. திரவம் கலக்கும் இடம் என்று தேடல் தொடங்கட்டும். பச்சிளங்குழந்தை வார்டில் ஒரு நாள் முந்துவதற்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. எழுதும்போது "ஒரே ஸ்ட்ரெய்ன்" என்று எழுதாதீர்கள். "மேற்பரப்பு வகை ஒத்துப்போகிறது, ஒரே மூலமாக இருக்கலாம், உறுதி செய்யப்படுகிறது" என்று எழுதுங்கள்.

நிறமாலை காட்டியதை உறுதி செய்ய முழு ஜீனோம் தேவைப்படாமலும் போகலாம். கேப்சூல் ஜீன் தொகுதியில் டபிள்யூ.இசட்.ஐ. என்று ஒரு ஜீன் உண்டு. அதில் 447 பேஸ் நீளத்தை பி.சி.ஆர். செய்து சாதாரண சாங்கர் சீக்வென்சிங்குக்கு அனுப்பினால், கேப்சூல் வகையைப் பெரும்பாலும் சொல்லிவிடும். கொத்துக்கு இரண்டு ஐசோலேட் அனுப்புங்கள், நிறமாலை சொன்னது சரியா என்று தெரிந்துவிடும். ஏழு ஜீன் எஸ்.டி.யும் அதே இரண்டுக்குச் செய்தால், போர்வையும் சந்ததியும் சேர்ந்தே தெரியும். பிறகு எப்போதாவது நிதி வந்தால், எந்த இரண்டு மூன்றை ஜீனோமுக்கு அனுப்பலாம் என்று தேர்ந்தெடுக்கவும் இதுவே வழிகாட்டும்.

ஏழையும், ஒப்பிட எடுத்தவற்றையும் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் இன்றைக்கே வைத்துவிடுங்கள். குப்பியின் மேல் வார்டு, மாதிரி எடுத்த தேதி, காலனியின் தோற்றம் மூன்றும் எழுதியிருக்கட்டும். அகார் லாட் எண்ணையும் இன்குபேட்டரில் வைத்த, எடுத்த நேரத்தையும் பதிவேட்டில் குறியுங்கள். எட்டாவது ஐசோலேட் வந்தால் அதே நிபந்தனையில் வளர்த்து, பழையவற்றில் இரண்டையாவது கூடவே வளர்த்து ஏற்றுங்கள். முந்தைய வாரத்து நிறமாலையோடு மட்டும் ஒப்பிட வேண்டாம்.